பள்ளி வாசலில் ஒரு கைநாட்டு

நைரோபியில் நம்மவர்கள் கூடும் விருந்துகளில், சாப்பாடு முடிந்து பேச்சு நாட்டு நடப்பின் பக்கம் திரும்பியதும் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "மிஷனரிகள் மட்டும் வந்திருக்காவிட்டால் இந்த ஊரில் ஒருத்தனுக்கும் எழுத்து தெரிந்திருக்காது." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருமுறை அந்த மேசையில் என்னோடு வேலை பார்க்கும், கென்யாவின் பெரிய இனங்களில் ஒன்றான கிகுயு இனத்து நண்பரும் இருந்தார். முராங்கா பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அன்றைக்கும் பேசவில்லை. திரும்பி வரும்போது காரில்தான் சொன்னார்: "என் தாத்தா படித்த பள்ளிக்கூடத்தைக் கட்டியது அவருடைய அப்பாவும் ஊர்க்காரர்களும். அதை மூடியது யார் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கென்யாவில் படிப்பும் மதமும் ஊர் முன்னேற்றமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

விருந்தில் சொன்ன அந்த வாக்கியம் முழுப் பொய் இல்லை. காலனி அரசு ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படிப்புக்குக் கையை விரித்துவிட்ட காலத்தில் பள்ளி நடத்தியவர்கள் மிஷனரிகள்தான். 1840களில் மொம்பாசாவுக்கு அருகே ராபாயில் கிராஃபும் ரெப்மனும் தொடங்கிய வேலை அது. விக்டோரியா ஏரிப் பக்கம் மசேனோ பள்ளி 1906இல் வந்தது. கிகுயு நாட்டில் தொகோட்டோவில் ஸ்காட்லாந்து மிஷன், கிஜாபேயில் ஆப்பிரிக்கா இன்லண்ட் மிஷன். 1926இல் புராட்டஸ்டண்ட் சபைகள் சேர்ந்து தொடங்கிய அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள்தான் சுதந்திர கென்யாவின் முதல் அமைச்சரவையில் பெரும் பகுதி. இதையெல்லாம் மறுப்பவர் யாருமில்லை. என் நண்பர்கூட ஒரு பிரஸ்பிட்டீரியன் சபைக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

அந்த வாக்கியத்தில் என்னை உறுத்துவது வேறு. அதில் கென்யர்கள் கையேந்தி நிற்கிறார்கள். யாரோ கொடுத்தார்கள், இவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது. நடந்தது அப்படி இல்லை. என்ன படிப்பு வேண்டும் என்பதில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆரம்பத்திலிருந்தே திட்டமான கருத்து இருந்தது. மசேனோ மாணவர்கள் 1908இலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். உடலுழைப்பைக் குறைத்து எழுத்துப் படிப்பைக் கூட்டுங்கள் என்பது கோரிக்கை. 1924இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் குழு, தச்சு, விவசாயம், சுகாதாரம் என்று "பொருத்தமான" கல்வியே ஆப்பிரிக்கருக்கு நல்லது என்று பரிந்துரைத்தது. தச்சுவேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிலப்பதிவேடு ஆங்கிலத்தில், நீதிமன்றம் ஆங்கிலத்தில், சட்டம் ஆங்கிலத்தில். கியாம்புவில் தங்கள் நிலம் வெள்ளைக்காரக் குடியேறிகளின் பெயருக்கு மாறியதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதருக்கு, மகன் ரம்பம் பிடிக்கக் கற்றால் போதும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கு அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும்.

கைநாட்டு

எல்லாம் உடைந்த இடம் 1929. கிகுயு மக்களிடம் ஆண், பெண் இருவருக்கும் பிறப்புறுப்பில் வெட்டும் விருத்தசேதனச் சடங்கு இருந்தது. ஒரு பெண் தன் வயதுக் குழுவில் சேருவது, கல்யாணத்துக்குத் தகுதியாவது, ஊரில் முழு மனுஷியாக எண்ணப்படுவது எல்லாம் அதை ஒட்டியே. பெண்களுக்குச் செய்யும் அந்த வெட்டு கொடுமையானது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உயிருக்குப் போராடிய பெண்களைப் பார்த்த டாக்டர்கள் அதை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. தொகோட்டோவில் இருந்த டாக்டர் ஜான் ஆர்தர் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றார்.

அவர்கள் அதற்கு எடுத்த வழியில்தான் வினை வந்தது. சபை உறுப்பினர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒரு உறுதிமொழியில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். ஊரில் அதற்கு 'கிரோரே' என்று பெயர். பெண் விருத்தசேதனத்தை விட்டுவிட்டேன் என்பது அதில் ஒரு பாதி. கிகுயு மத்திய சங்கத்தில் இருக்கமாட்டேன் என்பது இன்னொரு பாதி. அந்தச் சங்கம்தான் பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த அமைப்பு. ஒரு பெண்ணின் உடல்நலத்தைப் பற்றிய கேள்வியையும் நிலத்தைப் பற்றிய அரசியலையும் ஒரே தாளில் எழுதி, அதற்குக் கீழே விரலை அழுத்தச் சொன்னார்கள். மறுத்த ஆசிரியருக்கு வேலை போயிற்று. மறுத்தவரின் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் போயிற்று.

நான் படித்ததில் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான். அந்தத் தாளில் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால்? பள்ளிக்கூடத்தைப் பணயமாக வைக்காமல், ஆஸ்பத்திரியில் பார்த்ததைத் தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் பேசியிருந்தால்? நடக்காததைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. நடந்தது என்னவென்றால், சில வாரங்களில் மிஷன் கோயில்களும் வகுப்பறைகளும் காலியாகின. மிஷனரிகளையும் அதிகாரிகளையும் தாக்கும் 'முத்திரிகு' என்ற ஆட்டப்பாட்டு ஊர் ஊராகப் பரவ, 1930இல் அரசு அதைத் தடை செய்தது. அந்த ஜனவரியில் கிஜாபேயில் ஹல்டா ஸ்டம்ப் என்ற வயதான அமெரிக்க மிஷனரிப் பெண் கொல்லப்பட்டார். வெள்ளைக்காரக் குடியேறிக்கும் பாதிரிக்கும் வித்தியாசம் கிடையாது என்ற கிகுயுப் பழமொழியை என் நண்பர் இன்றைக்கும் சொல்வார். கோயிலுக்குப் போகிறவர் வாயிலிருந்து அதைக் கேட்கும்போதுதான் அந்தக் காயத்தின் ஆழம் தெரிகிறது.

ஊர் கட்டிய பள்ளி

பிள்ளைகள் வெளியே நின்றார்கள். அப்புறம் என்ன செய்வது? பெற்றோர் தாங்களே கட்டினார்கள். மரக்கழி நட்டு, மண் அப்பி, புல் வேய்ந்த அறைகள். பல இடங்களில் அதே கட்டடம் வாரநாளில் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை கோயில். முராங்காவின் கிடுவாம்பா இதில் முன்னோடி. 1930களின் நடுவில் இந்தப் பள்ளிகள் இரண்டு சங்கங்களாகத் திரண்டன. கிகுயு சுதந்திரப் பள்ளிகள் சங்கம் ஒன்று, கியாம்பு பக்கம் வலுவாக இருந்த கிகுயு கரிங்கா கல்விச் சங்கம் இன்னொன்று. முதலாவது அரசோடு பேசி, அரசுப் பாடத்திட்டத்தையே ஏற்றுக்கொண்டு நடந்தது. இரண்டாவது இன்னும் கறாரானது, மிஷன் வாடையே வேண்டாம் என்றது.

இவர்கள் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. மிஷனை விட்டு வெளியேறிய பிறகும் பைபிளைக் கையிலேயே வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. பிறந்த குழந்தைகள் வரிசையில் காத்திருந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆப்பிரிக்க ஆர்தடாக்ஸ் சபையின் பேராயர் டேனியல் வில்லியம் அலெக்சாண்டரை அழைத்தார்கள். அவர் 1935இல் வந்து, உள்ளூர் இளைஞர்களுக்கு இறையியல் சொல்லிக்கொடுத்து, குருப்பட்டம் கொடுத்துவிட்டு 1937இல் திரும்பினார். அதிலிருந்து கிளைத்த சபைகள் இன்றைக்கும் மத்திய கென்யாவில் இருக்கின்றன. மிஷன் கொண்டுவந்த மதத்தையும் மிஷன் கொண்டுவந்த படிப்பையும் இந்த மக்கள் உண்மையாகவே விரும்பினார்கள். அவற்றின் சாவி யார் கையில் இருப்பது என்பதில்தான் தகராறு.

1939இல் கித்துங்குரியில் கென்ய ஆப்பிரிக்க ஆசிரியர் கல்லூரி தொடங்கியது. நடத்தியவர் ம்பியு கொய்னாங்கே, தலைவர் கொய்னாங்கேயின் மகன், அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். சுதந்திரப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டும், மிஷன் கல்லூரிகள் தரப்போவதில்லை, அதனால் நாமே பயிற்சி கொடுப்போம் என்பது யோசனை. பணம் திரட்டிய விதம்தான் அருமை. வயதுக் குழு முறையையே வசூலுக்குப் பயன்படுத்தினார்கள். ஒரே பருவத்தில் சடங்கு முடித்தவர்கள் ஒரு குழு. எந்தக் குழு அதிகம் கொடுக்கிறது என்று ஒன்றுக்கொன்று போட்டி. பிற்காலத்தில் நாட்டின் முதல் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டா, 1946இல் லண்டனிலிருந்து திரும்பிய பின் அந்தக் கல்லூரியின் முதல்வரானார்.

அந்த வசூல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதன் வாரிசை நேரில் பார்த்திருக்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு கென்யாட்டா அதை 'ஹராம்பே' என்ற பெயரில் நாடு முழுக்கக் கொண்டுபோனார். நண்பர் தன் ஊரில் ஒரு வகுப்பறைக்கான ஹராம்பேக்கு என்னையும் அழைத்துப் போனார். தேயிலைச் சரிவுக்குக் கீழே கோயில் வளாகம், பந்தல், வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆராதனை முடிந்ததும் வசூல். பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக முன்னால் வந்து, தொகையை மைக்கில் அறிவித்து, மேசையில் வைக்கிறார்கள். பொருளாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். பணம் இல்லாதவர்கள் வாழைத்தாரும் சேப்பங்கிழங்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பாட்டி காலைக் கட்டிய சிவப்புக் கோழி ஒன்றைக் கொடுத்தார். அதை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, கோழியை மேசைக்கே திருப்பிக் கொடுத்தார், மறுபடி ஏலம் விடச் சொல்லி. இரண்டாவதாக எடுத்தவரும் அப்படியே செய்தார். ஒவ்வொரு முறையும் ஏலம் விடுபவர், "இது ஷோஷோவின் கோழி" என்று சத்தமாகச் சொன்னார். ஷோஷோ என்றால் பாட்டி. கொடுத்த பாட்டி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஊர் முன்னேற்றம் என்று அறிக்கைகளில் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்த விதத்தை எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

இதை அழகாக மட்டும் சொல்லி விட்டுவிடவும் முடியாது. சுதந்திரப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கணக்கில் சண்டை, கமிட்டிக்குள் சண்டை, பயிற்சி பெற்ற ஆட்கள் குறைவு. பின்னால் வந்த ஹராம்பே உயர்நிலைப் பள்ளிகள் 1970களில் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் பெருகின, ஆனால் ஆய்வுக்கூடம் இல்லாமல், பாதிச் சுவரோடு நின்றவை ஏராளம். பணக்கார மாவட்டம் நிறையக் கட்டியது, வடக்கே வறண்ட மாவட்டங்களால் முடியவில்லை. அரசியல்வாதிகளும் கட்டுக்கட்டாக நோட்டோடு வந்து ஹராம்பேயைத் தேர்தல் மேடையாக்கினார்கள். ஊரே கட்டட்டும் என்று சொல்லிவிட்டு அரசு நழுவிக்கொள்ள அது ஒரு வழியாகவும் ஆனது. கோழியை விற்றுத்தான் ஒரு பிள்ளை படிக்க வேண்டும் என்றால் வரி எதற்கு?

சுதந்திரப் பள்ளிகளின் முடிவு இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1952 அக்டோபரில் நெருக்கடி நிலை வந்தது. சுதந்திரப் பள்ளிகள், காலனி ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த மௌ மௌ இயக்கத்தின் விளைநிலம் என்று அரசு முடிவு கட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன, அல்லது வேறு நிர்வாகத்தின் கைக்குப் போயின. கித்துங்குரி கல்லூரியும் மூடப்பட்டது. ஆசிரியர்களை உருவாக்க ஊரே காசு போட்டு எழுப்பிய அந்த இடம், மௌ மௌ கைதிகளைத் தூக்கிலிடும் இடமானது. நண்பர் காரில் சொன்னது இதைத்தான். அவருடைய தாத்தாவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றுபோனது.

பெண்கள் எங்கே?

இவ்வளவும் தெரிந்த பிறகு சுதந்திரப் பள்ளிகளைக் கொண்டாடிவிட்டுப் போய்விடலாம் என்றால் என்னால் முடியவில்லை. அவற்றின் அஸ்திவாரத்தில் ஒரு பெண் குழந்தையின் உடல் இருக்கிறது. மிஷனும் சங்கமும் மோதிக்கொண்டபோது இரண்டு பக்கமும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெட்டக் கூடாது என்று ஒருவர் தாளை நீட்டினார், வெட்டுவோம் என்று இன்னொருவர் பாடினார். மிஷன் பக்கம் போனால் ஊரில் இடம் இல்லை, சங்கத்தின் பக்கம் போனால் வலி.

ஆனால் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆண்களின் சங்கத்தில் தங்களுக்குப் பேச்சு இல்லை என்று 1930இல் பிரிந்து வந்து மும்பி மத்திய சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கித்துங்குரியில் பெண் பிள்ளைகள் தங்க ஒழுங்கான இடம் இல்லை என்று தெரிந்ததும், மாணவியர் விடுதிக்காகப் பெண்களே வசூலில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்களுக்குக் கிடைக்காத ஒன்று மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று காய்கறி விற்ற காசைக் கொடுத்தவர்கள். இந்த முழுக் கதையிலும் யாரைப் பாராட்ட வேண்டும் என்று கேட்டால் நான் முதலில் இவர்களைச் சொல்வேன்.

வெட்டுச் சடங்கு என்ன ஆனது? கட்டாயம் எதையும் சாதிக்கவில்லை. 1956இல் மேரு பகுதியில் ஊர்ப் பெரியவர்களின் ந்ஜூரி ந்செக்கே சபை, காலனி அதிகாரிகள் சொல்லி, பெண் விருத்தசேதனத்துக்குத் தடை போட்டது. பெண் பிள்ளைகள் பிளேடு வாங்கித் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். 'நானே செய்துகொள்வேன்' என்று அவர்களுக்குப் பெயரே விழுந்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தடை சரியானதுதான், ஆனால் யார் போட்டது, எந்த நேரத்தில் போட்டது என்பதால் அந்தப் பிள்ளைகளின் கையிலேயே பிளேடு வந்துவிட்டது. நாற்பது வருடம் கழித்து, 1996இல், மேருவுக்கு அருகே தரக்காவில் தாய்மார்கள் வேறு வழி கண்டார்கள். மயெண்டலேயோ யா வனவாக்கே என்ற பெண்கள் அமைப்பின் துணையோடு, பிள்ளைகளைத் தனியே தங்கவைத்து, வயதுக்கு வருவது பற்றிச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஊரே கூடி ஆடிப்பாடிக் கொண்டாடினார்கள். சடங்கு இருந்தது, வெட்டு இல்லை. 2011இல் நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்தது. தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் வெட்டப்பட்டவர்கள் 1998இல் 38 விழுக்காடு, 2022இல் 15 விழுக்காடு. வடகிழக்கில் இன்னும் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் நடக்கிறது, அதனால் வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இவ்வளவு குறைந்ததற்குப் பள்ளிக்கூடம் பெரிய காரணம், படித்த தாயின் மகள் தப்பிக்கிறாள். 1929இல் எந்தப் பள்ளியின் கதவைச் சாத்தினார்களோ, அந்தக் கதவு திறந்திருந்ததுதான் உதவியது.

ஸ்பான்சர்

சுதந்திரத்துக்குப் பிறகு 1968ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் மிஷன் பள்ளிகளை அரசின் கீழ் கொண்டுவந்தது. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. சபைகளுக்கு 'ஸ்பான்சர்' என்ற இடம் கொடுக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு அடிப்படைக் கல்விச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நிர்வாகக் குழுவில் பிரதிநிதி, ஆன்மிக விஷயங்களில் ஆலோசனை, பண உதவி. கூடவே, பிற மதத்துப் பிள்ளைகளின் நம்பிக்கையைக் காக்க வேண்டும் என்ற பொறுப்பும் அதே பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது.

ஐசியோலோவில் மெதடிஸ்ட் சபை ஸ்பான்சராக இருக்கும் ஒரு அரசுப் பள்ளி. முஸ்லிம் மாணவிகள் ஹிஜாபும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்து வகுப்புக்கு வரலாமா என்பது வழக்கு. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அணியலாம் என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கோரிக்கை முறைப்படி தாக்கல் செய்யப்படவில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விருந்துகளில் இந்தப் பேச்சு வந்தால், "கிறிஸ்தவப் பள்ளி என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள்?" என்கிறார்கள். அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. வேறு நல்ல பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஹிஜாபையும் வெட்டுச் சடங்கையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒன்று துணி, மற்றது ரத்தம். நான் பார்ப்பது வாசலை. சபை சொன்னாலும் சரி, சங்கம் சொன்னாலும் சரி, பெரியவர்கள் சபை சொன்னாலும் சரி, பெரியவர்களின் சண்டையைத் தீர்க்க ஒரு பெண் பிள்ளையின் வகுப்பறை இடத்தைப் பணயம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கைநாட்டு வைத்தவனின் மகளும் உள்ளே இருக்க வேண்டும், வைக்காதவனின் மகளும் உள்ளே இருக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற வேண்டியது இருந்தால், வகுப்பறைக்குள் இருக்கும்போதுதான் காப்பாற்ற முடியும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கட்டியவனுக்கு ஒரு பேச்சு வேண்டாமா, இல்லையென்றால் ஷோஷோ ஏன் கோழியைக் கொடுக்க வேண்டும் என்றார். வேண்டும்தான். கட்டடம் எங்கே வர வேண்டும், கணக்கை யார் பார்ப்பது, தலைமை ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வசூலிப்பது என்று எல்லாவற்றிலும் அவருக்குப் பேச்சு வேண்டும், அதில் கடைசி வார்த்தையும் அவருடையதாகவே இருக்கட்டும். யார் உள்ளே வரலாம் என்பதில் மட்டும் வேண்டாம் என்றேன். அவர் வேறு உதாரணம் சொன்னார், நான் மறுத்தேன். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.